பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு விதி இருக்கிறது, சைக்கிளில் போகும் பிள்ளைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விபத்துச் செய்தி இல்லாமல் எந்தப் பத்திரிகையும் வருவதில்லை. நான் எழுத வந்தது விபத்தைப் பற்றி அல்ல, எழுதப்பட வேண்டிய ஒரு விதியைப் பற்றி. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்படி நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டிகளுக்குமான விதிகளையும், 210டி பிரிவின்படி சாலை வடிவமைப்புக்கான விதிகளையும் ஆறு மாதத்துக்குள் உருவாக்கி அறிவிக்க வேண்டும் என்று. இந்த உத்தரவு வந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-ல் போட்ட பொதுநல வழக்கு அது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், நல்ல நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டம் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நம் ஊர் டாக்டர் ஒருவர் தொடங்கி வைத்த வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, தமிழ்நாட்டின் விதி நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? அதிலும் குழந்தைகளை முன்னால் வைத்து எழுதப்பட வேண்டாமா? இதுதான் என் கடிதம்.

நாங்கள் இருப்பது கரூர் - திண்டுக்கல் நான்கு வழிச் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். மேல்நிலைப் பள்ளி சாலைக்கு அந்தப் பக்கம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் என் மகளும் அவள் தோழிகளும் போகிறார்கள். கீழே சுரங்கப்பாதை இருக்கிறது, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அப்போதெல்லாம் பிள்ளைகள் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் போய், நடுத்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு குறுக்கே கடக்கிறார்கள். அது தப்பு என்று அவர்களுக்கும் தெரியும். வேறு வழி என்ன என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் ஒன்பது மணி வரை போனைக் கையிலேயே வைத்திருக்கிற பெற்றோர் எங்கள் ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆனது. இப்போது ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள்கள் போகின்றன. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருக்கக்கூடிய எத்தனையோ பெண் பிள்ளைகளை மேல்நிலைப் பள்ளி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த திட்டம் இது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிச் சாலைக்கு அனுப்புகிற அரசு, அந்தச் சாலையில் அவர்களுக்கு என்ன இடம் என்று ஒரு விதியில் எழுதி வைக்க வேண்டுமா இல்லையா?

நம் மாநிலத்தால் முடியாத காரியம் இல்லை இது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து இறந்தாள். தமிழ்நாடே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்துவிட்டன. இன்றைக்கும் பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் ஆர்.டி.ஓ. ஆட்கள் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அவசரக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். படியின் உயரத்தைக்கூட அளக்கிறார்கள். நல்ல விஷயம், அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பைக்கில் போகும் குழந்தைக்கும் விதி இருக்கிறது. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார், தலைக்கவசம், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஒரு பிள்ளை மோட்டார் வண்டியில் ஏறிவிட்டால் சட்டம் அதைப் பார்க்கிறது. இறங்கி நடந்தால், சைக்கிளை மிதித்தால், பஸ்ஸுக்கும் பைக்குக்கும் எழுதியது மாதிரி தனியாக எதுவும் இல்லை. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள் விஷயத்தில் ஓட்டுநர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, சரி. கூடுதல் கவனம் என்றால் எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கேட்டால் யார் சொல்வார்கள்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-க்கு வெளியிட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. சைக்கிளில் போனவர்கள் 4,836. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் மாநிலம் நம்முடையது, 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. பயந்துபோய்ச் சைக்கிளை விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் ஊரில் பல வீட்டில் அரசு சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்க, பையன் லைசென்ஸ் இல்லாமல் அப்பாவின் பைக்கில் மூன்று பேராகப் பள்ளிக்குப் போகிறான். அப்படிப் பிடிபட்டால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தண்டனை தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளில் போக முடியாத சாலையைப் போட்டவரை யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இதில் இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. 138(1ஏ) பிரிவின் வாசகத்தை நிதானமாகப் படித்தால், மாநில அரசு நடந்து போகிறவர்களின், மோட்டார் இல்லாத வண்டிகளின் நடமாட்டத்தை ஒழுங்குபடுத்தலாம் என்றுதான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நல்ல விதியும் எழுதலாம், 'சைக்கிள்கள் இந்தச் சாலையில் வரக் கூடாது' என்று பத்து வரியில் வேலையை முடித்துவிடவும் செய்யலாம். இது வெறும் கற்பனை இல்லை, கொல்கத்தாவில் 2013-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், கூலி வேலைக்குப் போகிறவர், எல்லோரும் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விதி வந்தால் அரசே கொடுத்த சைக்கிளுக்கு அரசே அபராதம் போடுகிற நிலை வரும். அதனால் கட்டுப்பாடு யாருக்கு என்பது விதியின் முதல் பக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். இடித்தால் ஆளைக் கொல்லக்கூடிய வேகத்தில் வருபவருக்குத்தான் கட்டுப்பாடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை.

வேகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே ஒரு குழந்தை வருவதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஒரு வினாடியாவது ஆகும், அதற்குள் கார் ஏழு சைக்கிள் நீளத்துக்கும் மேல் வந்திருக்கும். முப்பதில் வந்தால் அது எட்டு மீட்டர் சொச்சம்தான். 2023 நவம்பரில் சென்னைக்குப் புதிய வேக வரம்பு வந்தபோது குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் முப்பது என்று வைத்தார்கள். அதே முப்பதை மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கு முன்னாலும், அங்கன்வாடிக்கு முன்னாலும், கிராமத்துக்குள் போகிற ஒவ்வொரு மாவட்டச் சாலையிலும் விதியாக்க வேண்டும். பலகை மட்டும் வைத்தால் யாரும் குறைக்க மாட்டார்கள், சாலையே குறைக்க வைக்க வேண்டும். முறையான அளவில் வேகத்தடை, கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது, நடுவில் நின்று போகத் திட்டு. எங்கள் பக்கம் ஊர்க்காரர்கள் தாங்களாகப் போடும் வேகத்தடைகள் இருக்கின்றன, ராத்திரியில் தெரியாமல் ஏறி விழுபவர்கள் பெரும்பாலும் சைக்கிள்காரர்களும் பைக்கில் பின்னால் உட்கார்ந்த பெண்களும்தான்.

நெடுஞ்சாலை விஷயத்தில் 'அது மத்திய அரசு சாலை, எங்கள் கையில் இல்லை' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதே 138(1ஏ) பிரிவு, தேசிய நெடுஞ்சாலைக்கும் மாநில அரசு விதி செய்யலாம், நெடுஞ்சாலை ஆணையத்தோடு கலந்து பேசிச் செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது. அப்படியானால் கலந்து பேசட்டும். பள்ளி ஒரு பக்கம் ஊர் ஒரு பக்கம் என்று இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் நிற்காத, விளக்கு எரிகிற சுரங்கப்பாதை வேண்டும், சர்வீஸ் ரோட்டில் இரண்டு பக்கமும் போகச் சைக்கிளுக்குத் தனித் தடம் வேண்டும். படி வைத்த மேம்பாலம் கட்டிவிட்டு 'வசதி செய்து கொடுத்தாயிற்று' என்று சொல்ல வேண்டாம். கேரியரில் புத்தகப் பையோடு சைக்கிளை எந்தப் பிள்ளை படியில் தூக்கிக்கொண்டு ஏறும்?

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் என்று பாராட்டும் கிடைத்தது. 2018-க்குள் நூற்றுக்கு எண்பது தெருக்களில் நடைபாதை, நடப்பவரும் சைக்கிள்காரரும் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்று இலக்கு எழுதியிருந்தார்கள். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, குழந்தைகளோடு அங்கே நடந்தவர்கள் எல்லோருக்கும் அதன் அருமை தெரியும். மற்றத் தெருக்களின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. கொள்கையை மீறினால் யாருக்கும் அபராதம் கிடையாது, அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன். சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாமல் அதனால் யாராவது இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒப்பந்தக்காரருக்கும் ஆலோசகருக்கும் பொறுப்பான அரசு அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 198ஏ என்று ஒரு பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி சொல்கிறது. அந்த 1.8 மீட்டருக்குள் டிரான்ஸ்பார்மரை நட்டவர் மேல் இந்த 198ஏ பாய வேண்டும். அப்புறம் ஒன்று, நடைபாதை என்றதும் முதலில் பூக்கார அம்மாவைத் துரத்துவார்கள். அவருக்கு 2014 தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. நடைபாதையில் ஏறி நிற்கும் கார்களை முதலில் அகற்றட்டும்.

நெதர்லாந்தில் இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 1971-ல் அங்கே சாலையில் இறந்த குழந்தைகள் மட்டும் நானூறுக்கு மேல். தன் மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று நாளிதழில் எழுதினார். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள், பிள்ளைகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். 1976-ல் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வண்டிகள் போக வேண்டும், குழந்தைகள் விளையாடலாம் என்ற குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. இன்று அங்கே பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மேல் கார் மோதினால், பிள்ளை குறுக்கே ஓடி வந்தது என்று சொல்லிக் கார்க்காரர் நஷ்ட ஈட்டிலிருந்து தப்ப முடியாது. குழந்தை குறுக்கே ஓடும், அதுதான் குழந்தை, வண்டி ஓட்டுகிறவர்தான் அதை எதிர்பார்த்து ஓட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் நினைக்கிறது. நம் விதியிலும், நம் விபத்து இழப்பீட்டு நீதிமன்றங்களிலும் இந்த எண்ணம் வர வேண்டும்.

சைக்கிளில் போகும் பிள்ளைக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயம் ஆக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். போட்டால் நல்லதுதான், அரசு சைக்கிளோடு சேர்த்து இலவசமாகவே கொடுக்கட்டும், கூடவே முன்னால் ஒரு விளக்கும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் கொடுக்கட்டும், ஆறரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வருகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் போடாத பிள்ளைக்கு அபராதம் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அப்படி எழுதினால் மறுநாளே சைக்கிள் கொட்டகைக்குப் போய்விடும், வெளியே எடுப்பது பைக்கைத்தான்.

இந்தச் சட்டத்தின் கீழ் எந்த விதியானாலும் முதலில் வரைவாக வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும், 212-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அரசிதழில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் எங்கள் ஊரில் யார் கருத்துச் சொல்வார்கள்? வரைவைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அனுப்பட்டும், கிராம சபையில் படித்துக் காட்டட்டும். உங்களிடம் நான் கேட்பது, வரைவு வந்ததும் அதை முழுவதுமாக உங்கள் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்குப் போடுங்கள், கருத்து அனுப்பக் கடைசித் தேதியையும் முகவரியையும் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் சுரங்கப்பாதையில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பெற்றோர்கள் படத்தோடு எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை,
திண்டுக்கல் மாவட்டம்