அட்லஸில் விரல் வைத்த இடம்

அன்புள்ள மச்சான்,

உன் குரல்பதிவு வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பதினொரு நிமிடம் கதைத்திருக்கிறாய், அதில் ஒன்பது நிமிடம் மேற்குப் பக்க வேலியைப் பற்றி. பக்கத்து வளவுக்காரன் ஒன்றரை முழம் உள்ளே தள்ளி மதில் போடப் பார்க்கிறான், கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டுப் போனார், நில அளவையாளருக்கு இன்னும் நாள் கிடைக்கவில்லை, எல்லாம் கேட்டேன். பதிலைக் குரலில் அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுவாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். வேலிக்கு வருகிறேன், கொஞ்சம் பொறு.

போன கிழமை நியூபவுண்லாந்துக்குப் போய்வந்தோம். சின்ன மகள்தான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள், அவளுக்கு இப்போது பறவைப் பைத்தியம். ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே பறந்தால் சென்ற் ஜோன்ஸ். அங்கே நேரமும் எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தி. அந்த அரை மணிக் கணக்கு கனடாவில் வேறு எந்த மாகாணத்திலும் இல்லை, அதனால் கோடையில் எனக்கும் உனக்கும் சரியாக எட்டு மணித்தியால வித்தியாசம், கூட்டிக் கழிக்கத் தேவையே இல்லாமல் நான்கு நாள் இருந்தேன். வாடகைக் கார் எடுத்த இடத்தில் பதிவு செய்ததை விட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டி மாதிரி வண்டியைத் தந்தார்கள், நானும் மனைவியும் மகளும் மருமகனும் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனோம். சரி, அது கிடக்கட்டும்.

நாங்கள் போனது சென்ற் மேரிஸ் முனைக்கு, அவலோன் குடாநாட்டின் தென்மேற்கு மூலை. வழி முழுக்க மரமில்லாத வெளி, பாசி, சின்னச் சின்னக் குளங்கள். இரவில் ஓடாதே, மூஸ் குறுக்கே வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மூஸ் என்றால் மாட்டைவிடப் பெரிய மான். அந்தத் தீவில் அது முன்பு இருந்ததே இல்லையாம், 1904ஆம் ஆண்டு நாலைந்தைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், இப்போது வீதியெல்லாம் அதுகளின் ஆட்சி. முனையில் 1860இல் கட்டிய ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. பருத்தித்துறை முனையில் எங்களுடையதைத் தூர நின்று பார்த்தே வளர்ந்தவன் நான், கிட்டப் போய் ஒரு வெளிச்சவீட்டுச் சுவரைத் தொட்டதே எனக்கு ஒரு விஷயமாக இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்க நிலையம், அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு நடை.

நடக்கத் தொடங்கும்போதே புகார், கடல் மூடுபனி. உனக்குத் தெரிந்த மார்கழிப் பனி மாதிரி இல்லை, காலையில் வந்து வெயில் ஏறக் கலைந்துபோகிற சாமான் இல்லை. கடலிலிருந்து சுவராக எழும்பி வந்து நிற்கும். அந்தப் பக்கத்து ஆர்ஜென்ரியா என்ற ஊரில் வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் புகாராம். ஆடி மாதம், நான் இரண்டு ஜக்கெற் போட்டிருந்தேன். மனைவி, "இதைப் பார்க்கவா இவ்வளவு காசு செலவழித்தோம்" என்று பத்து அடிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டு வந்தா. பாதையோரம் செம்மறிகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன, அவையும் கிட்டப் போன பிறகுதான் தெரிந்தன. மலை விளிம்புக்கு வேலியோ கம்பியோ கிடையாது, 'பாதையை விட்டு விலகாதே' என்று ஒரு பலகை மட்டும். கீழே நூறு மீற்றர் ஆழம்.

முதலில் வந்தது மணம். நீ கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப்பார், மீன் சந்தையில் கழுவாத சீமெந்து நிலம், கருவாடு காயப்போட்ட பாய், கோழிக்கூடு, மூன்றையும் ஒரு சாக்கில் கட்டிக் காற்றில் அவிழ்த்துவிட்ட மாதிரி. பிறகு சத்தம். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமுவது போல, நிற்காமல். ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லை, வெள்ளைத் திரை. விளிம்பில் ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்தோம். மீன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போயிருந்தோம், அந்த மணத்துக்குள்ளேயும் மருமகன் மூன்று சாப்பிட்டான், அவனுடைய வயிற்றை நான் மதிக்கிறேன்.

ஒரு மணித்தியாலம் இருந்திருப்போம். எழும்பலாம் என்று கையை ஊன்றும்போது காற்றுத் திரும்பி, புகார் நடுவில் கிழிந்தது. அப்படியே முன்னால், உன் முற்றத்திலிருந்து வேலி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், கடலிலிருந்து நேரே எழும்பிய ஒரு பாறைத்தூண், உச்சியிலிருந்து சரிவு முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு பூசியது போல. பார்த்துக்கொண்டிருக்க அந்தச் சுண்ணாம்பு அசைகிறது. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு பறவை மச்சான். மனைவி வாயைத் திறக்கவில்லை, அதிலேயே விளங்கிக்கொள்.

அது கனெற் என்ற பறவை. தமிழில் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இறக்கையை விரித்தால் ஆறடி வரும், உடம்பு தோய்த்த வேட்டி வெள்ளை, இறக்கை நுனி மட்டும் மையில் முக்கி எடுத்த கறுப்பு, தலையில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஒரு நிறம். வெளிர் நீலக் கண், அதைச் சுற்றி மை எழுதியது போல ஒரு கோடு. கடலுக்கு மேலே முப்பது மீற்றரில் நின்று மீனைக் கண்டதும் இறக்கையை மடக்கிக்கொண்டு அம்பாக விழும், தண்ணீரைத் தொடும்போது மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகம் வரும் என்றாள் மகள். அந்த அடியில் மண்டை உடையாமல் இருக்கத் தோலுக்கடியில் காற்றுப் பைகள், வெளியே திறந்த மூக்குத் துளையே கிடையாது. முட்டைக்கு வயிற்றால் சூடு கொடுப்பதில்லை, காலின் சவ்வை முட்டை மேல் வைத்து அடைகாக்கும். மிதித்து அடைகாக்கிற பறவையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இனி வேலிக்கு வருகிறேன். அந்தப் பாறையில் ஒவ்வொரு கூடும் பக்கத்துக் கூட்டிலிருந்து ஒரே அளவு தூரத்தில் இருக்கிறது, அளந்து கயிறு கட்டியது போல. என்ன அளவு தெரியுமா? இரண்டு பறவைகள் தங்கள் கூட்டில் இருந்தபடி கழுத்தை நீட்டினால் சொண்டும் சொண்டும் முட்டுகிற அளவு. அதுதான் எல்லை. யாராவது இறங்கும்போது காற்றில் தடுமாறி ஒரு அடி பிசகினால் சுற்றி நாலு பக்கமும் குத்து. ஒருத்தன் பக்கத்துக் கூட்டிலிருந்து ஒரு பாசித் துண்டை உருவினான், அதற்கு நடந்த சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும், சொண்டோடு சொண்டு கொளுவி ஐந்து நிமிடம், நடுவில் ஒருதரும் விலக்குப் பிடிக்கவில்லை, அயலவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாழ்ப்பாணத்தைத் தூக்கிக் கொண்டுபோய் அற்லாண்டிக்கில் வைத்த மாதிரி இருந்தது. நில அளவையாளர் இல்லாததுதான் குறை.

சண்டை மட்டும் என்று நினைக்காதே. ஒன்று கடலிலிருந்து திரும்பி வந்தால் கூட்டில் இருந்தது எழும்பி, நெஞ்சோடு நெஞ்சு நின்று, இரண்டும் சொண்டை வாள் மாதிரி உரசிக்கொள்கின்றன, அது எவ்வளவோ நேரம் நடக்கிறது. புறப்படுகிற பறவை முதலில் சொண்டை நேரே வானத்துக்கு நிமிர்த்தி ஒரு நிலையில் நிற்கும். 'நான் போகிறேன், நீ இரு' என்று அர்த்தமாம். இரண்டும் ஒன்றாகக் கிளம்பிவிட்டால் குஞ்சு போச்சு. நான் முப்பது வருடமாக வேலைக்குப் புறப்படும்போது இப்படி ஒருநாளும் சொல்லிவிட்டுப் போனதில்லை என்று மனைவி அங்கேயே வைத்துச் சொன்னா.

மொத்தம் இருபத்துநாலாயிரம் கனெற் அளவில் இருக்குமாம், வட அமெரிக்காவில் இந்தப் பறவை குஞ்சு பொரிக்கிற இடங்களில் ஆகத் தெற்கே இருப்பது இதுதான். பக்கத்து மலைச்சுவர்களில் கிற்றிவேக் என்ற சின்னக் கடற்காகங்கள், மர் என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள், அவையும் ஆயிரக்கணக்கில். மர் கூடே கட்டாது, வெறும் கல் விளிம்பில் ஒரு முட்டை, அவ்வளவுதான். மூன்று கிழமைக் குஞ்சு, இறக்கை முளைக்க முன்பே அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கும், தகப்பன் கீழே தண்ணீரில் நின்று கூப்பிடும், பிறகு தகப்பனும் பிள்ளையும் நீந்தியே ஆழ்கடலுக்குப் போய்விடும். தாய் கூடப் போவதில்லை. நாங்கள் போனது அந்தப் பருவம்தான், ஆனால் குதிப்பது அந்திப்பொழுதில், எங்களுக்குக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

கூடுகளில் பச்சை நைலோன் கயிறும் வலைத் துண்டும் நிறைய. பாசி என்று நினைத்துப் பொறுக்கி வருகின்றன. 2012இல் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி மீன் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விட, பெற்றோர் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறந்துபோனதாம், பாறை முழுக்கப் பசியில் செத்த குஞ்சுகள். 2022இல் பறவைக் காய்ச்சல், செத்த கனெற்களும் மர்களும் ஊர் ஊராகக் கரையில் ஒதுங்கின. ஸ்கொட்லாந்தில் அந்தக் காய்ச்சலில் தப்பிய சில கனெற்களுக்கு நீலக் கண் கறுப்பாக மாறிவிட்டிருந்ததைக் கவனித்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு நான் தூரநோக்கியால் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். இப்படி உட்கார்ந்து கண் பார்க்கிற வேலை நல்ல வேலை, முழங்கால் நோ தெரியாது.

இரவு தங்கியது சென்ற் பிரைட்ஸ் என்ற ஊரில் ஒரு கிழவர் வீட்டில். பரம்பரை மீனவர், ஐரிஷ் வம்சம். 1992இல் அரசாங்கம் கொட் மீன் பிடிக்கிறதை நிறுத்தியபோது ஒரே நாளில் கரையில் ஏறியவர்களில் ஒருவர், அந்தத் தடையில் முப்பதாயிரம் பேரளவில் வேலை இழந்தார்கள். என்னை "மை லவ்" என்று கூப்பிட்டார், எங்கள் ஆச்சிமார் "ராசா" என்கிற மாதிரி. மர் பறவையை அங்கே 'டர்' என்கிறார்கள், குளிர்காலத்தில் சுட்டுச் சமைக்க அனுமதி உண்டு, நல்ல ருசி என்றார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். எந்த ஊர் என்று கேட்டார். ஸ்காபரோ என்றேன். அதற்கு முதல்? இலங்கை, தமிழர் என்றேன். கிழவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அப்போ உனக்கு அந்தப் படகுகள் தெரிந்திருக்குமே, சென்ற் மேரிஸ் குடாவின் மற்றப் பக்கம்தான்" என்று யன்னலைக் காட்டினார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். சென்ற் மேரிஸ் குடா. அதன் மேற்கு வாயில் நாங்கள் நின்ற முனை, கிழக்கு வாயில் சென்ற் ஷொட்ஸ். மச்சான், உனக்கு நினைவிருக்கிறதா, 1986 ஆவணி, உன் வீட்டு விறாந்தையில் பற்றரி ரேடியோவில் பிபிசி தமிழோசை, கனடாக் கடலில் எங்கட ஆட்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்துகொண்டிருந்ததை ஒரு மீன்பிடிப் படகு கண்டு காப்பாற்றியது என்று சொன்னது? உன் அண்ணனின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, லாம்பு வெளிச்சத்தில், நியூபவுண்லாந்து எங்கே என்று தேடினோம். நீ விரலை வைத்து, "இவ்வளவு தூரம் ஏன் போனவங்கள்" என்று கேட்டாய். உன் விரல் அந்தத் தீவையே மூடிவிட்டது. நாலு வருடம் கழித்து நானும் புறப்பட்டேன், ஆனால் நான் வந்தது விமானத்தில், வந்து இறங்கியது நேரே ரொறொன்ரோவில், அதன் பிறகு அந்தத் தீவை நான் நினைக்கவே இல்லை.

அந்த உயிர்காப்புப் படகுகளைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீனவர், அற்லாண்டிக் ரீப்பர் அவருடைய படகின் பெயர். இதெல்லாம் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், முப்பதாவது வருடத்தில் அப்படி வந்தவர்களில் சிலர் திரும்பப் போய் அவரைச் சந்தித்தார்கள். மூன்று நாளாக மிதந்திருந்தார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள், பிறகு மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியது வெளியே வர, பத்திரிகைகளில் பெரிய சத்தம், ஆனாலும் இருக்கவும் வேலை செய்யவும் விட்டார்கள். நான் ரொறொன்ரோவில் கோப்பை கழுவிய காலத்தில் பக்கத்துத் தொட்டியில் நின்ற அண்ணை அதில் வந்தவர். மனிசன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும், தண்ணிக் குழாயைத் திறந்து ஆவி எழும்பிய நேரம், "இப்பிடித்தான் இருந்தது, கையை நீட்டினா கை தெரியாது" என்றார். பசி, பயம் என்று ஏதாவது சொல்வார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்தநாள் காலை மற்றவர்கள் நித்திரை, நான் தனியாகத் திரும்பவும் பாறைக்குப் போனேன். அன்று புகார் கிழியவே இல்லை. மணம், சத்தம், அவ்வளவும்தான். கிழக்குப் பக்கம் திரும்பி நின்றேன், ஐம்பது கிலோமீற்றர், தெளிந்த நாளிலும் தெரியுமோ என்னவோ. அந்த அண்ணை இப்போது மார்க்கம் நகரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், திரும்பி வந்ததும் போன் எடுத்துச் சொன்னேன். "பறவை பார்க்கவா போனனீ?" என்று கேட்டுவிட்டுக் கனநேரம் சிரித்தார்.

படங்கள் மகள் அனுப்புவாள், சண்டை பிடிக்கிற இரண்டின் படத்தை உனக்கென்று தனியாக எடுக்கச் சொன்னேன். அந்த அட்லஸ் இன்னும் இருக்கிறதா, அல்லது இடம்பெயர்ந்தபோது போய்விட்டதா? இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அளவையாளர் வந்து கல் போட்டால் உடனே சொல்லு, மதில் காசில் பாதி நான் தருகிறேன் என்று முதலே சொன்னேன். ஆனால் அவன் ஒன்றரை முழத்தில் அரை முழத்தை விட்டுக்கொடுக்க வந்தால் நீ முறுக்கிக்கொண்டு நிற்காதே, அந்தப் பக்கத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரக் கிளை எப்படியும் உன் வளவுக்குள்தானே விழுகிறது.

உன்
பழைய ஆள்