விறகடுப்பின் ருசியோடு அதன் பக்குவத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் விறகடுப்புச் சமையலைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப்பருப்பும் விறகில் ஆக்கினால் வருகிற மணத்தை எழுதியவர் நன்றாகவே எழுதியிருந்தார், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மேலே போட்டிருந்த படத்தைப் பார்த்த பிறகு மனசு ஆறவில்லை. அடுப்பு வாய் கொள்ளாமல் விறகு, சமையல்கட்டு முழுக்கப் புகை, ஓர் எட்டில் சிவப்பு சிலிண்டர், குனிந்து ஊதிக்கொண்டிருக்கிற பெண் உடம்பில் வழுவழுவென்று பாலியஸ்டர் நைட்டி. இதைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு நாமும் நாலு செங்கல் வைத்து மூட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவும், கேஸ் வந்த பிறகும் தண்ணீர் காய்ச்சவும் மாட்டுக்குக் கஞ்சி வைக்கவும் தினம் விறகு எரிக்கிற எங்களைப் போன்ற தோட்டத்துக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது கவுந்தப்பாடிப் பக்கம், வாக்கப்பட்டது தாராபுரம் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக விறகடுப்போடுதான் இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்று: புகை என்பது எரியாமல் போகிற விறகு. கண்ணில் எரிச்சலாகவும் கூரையில் கரியாகவும் போவது நாம் காசு கொடுத்து வாங்கிய, இல்லை முள் குத்திக்கொண்டு வெட்டி வந்த அதே விறகுதான். அடுப்பைப் புகையாமல் எரிய வைத்துவிட்டால் விறகும் மிச்சம், நெஞ்சும் மிச்சம், விபத்துப் பயத்திலும் பாதி குறைந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது சமையல்கட்டு இல்லை, எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், ஆலை. எங்கள் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற ஆலை அடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை பெரிய கொப்பரையைக் கொதிக்க வைப்பது பிழிந்து போட்ட கரும்புச் சக்கைதான். ஆனால் அதைக் களத்தில் பரப்பி, சலசலவென்று சத்தம் வருகிற வரைக்கும் காய வைத்துத்தான் அடுப்புக்குழிக்குக் கொண்டுபோவார்கள். தீ போடுகிறவர் கைப்பிடி கைப்பிடியாக, விடாமல் போட்டுக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூட லீவில் நான் ஆசைக்கு ஒரு கட்டுச் சக்கையையே அள்ளி உள்ளே தள்ளியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, ஒரே வாயா திணிச்சா தீக்கு மூச்சு முட்டிப் போயிருமுங்க. மேல பாருங்க" என்றார். புகைக்கூண்டிலிருந்து கன்னங்கரேலென்று புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் போடாமல் விட்டு, பிறகு பழையபடி கைப்பிடியாகப் போட ஆரம்பித்ததும் அந்தப் புகை வெளுத்து, அப்புறம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொப்பரையில் கொதி மட்டும் குறையவே இல்லை. வீட்டு அடுப்புக்கும் கணக்கு இதேதான். இரண்டு மூன்று விரல் பருமனுக்குப் பிளந்த விறகு மூன்று நாலு போதும், நுனி மட்டும் எரிய வேண்டும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். முழுக்கட்டையைச் சொருகிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிற பழக்கம் விறகுக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு.

சரி, விறகு காய்ந்திருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? பச்சை விறகின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான். அடுப்புச் சூடு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்டிய பிறகுதான் உங்கள் பானைக்கே வரும். வெட்டின முனையில் நுரை கட்டி, உஸ்ஸென்று சத்தம் வந்தால் அது பச்சை. நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள், அதற்கு வீட்டில் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது டங்கென்று பேசும், ஈரம் டொப்பென்று அடங்கிப்போகும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானே கழன்று வரும். நாங்கள் மாசி பங்குனியிலேயே வேலாங்கட்டையும் சீமைக் கருவேலமும் வெட்டிப் பிளந்துவிடுவோம். பிளக்காமல் உருட்டாகப் போட்டால் வருஷம் ஆனாலும் உள்ளே ஈரம் போகாது. கீழே கல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் ஒரு தகரம். பக்கவாட்டை மூடக்கூடாது, காற்று புகுந்து போக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கையிருப்பு தயாராகிவிடும். தார்ப்பாய் போட்டு முழுக்க இறுக்கி மூடி வைக்கிறவர்கள் உள்ளே பூசணம்தான் வளர்க்கிறார்கள். இன்னொன்று, அடுக்கு சமையல்கட்டுச் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டாம், விறகு எடுக்கும்போது முதலில் ஒரு தடியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எங்கள் அடுக்கில் தேள் இல்லாத வருஷம் கிடையாது, இரண்டு தடவை கட்டுவிரியனும் வந்திருக்கிறது.

அடுப்பில் நான் செய்த மாற்றங்களில் செலவே இல்லாதது, பலன் அதிகம் தந்தது, அடியில் கம்பி வைத்ததுதான். கட்டடவேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகளை விரல் இடைவெளியில் வரிசையாக வைத்து, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிறுத்தினோம். விறகு அதன் மேல், சாம்பல் அதன் கீழ். காற்று அடியிலிருந்து ஏறுவதால் ஊதாங்குழலைத் தேடுகிற வேலையே போய்விட்டது. கம்பி இல்லாத அடுப்பில் விறகு சாம்பலுக்குள் புதைந்துகொண்டு புகைந்துகொண்டே இருக்கும், நாம் ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வோம். அதேபோல பானைக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளி போதும். மூன்று கல் வைத்து மூட்டுகிற தீயில் நூறு பங்கு சூட்டில் பத்துப் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் காற்றோடு. விறகடுப்புக்கான இந்தியத் தர அளவு குறைந்தது 25 சதவீதம் கேட்கிறது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடைவெளியிலும் காற்றிலும் விறகு காய்ந்திருப்பதிலும்தான் இருக்கிறது. பானைக்கு ஒரு மூடி போடுவதையும் பருப்பை முன்கூட்டி ஊற வைப்பதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

புகைபோக்கியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் காற்று அப்படி. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று எங்கள் ஊரில் ஆளையே தள்ளும். எங்களுக்கு அடுப்புக் கட்டிக் கொடுத்த கொத்தனார், குழாயை ஓட்டுக்கூரை மட்டத்தோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டார். தை மாசம் கட்டியதால் ஒன்றும் தெரியவில்லை. ஆடி பிறந்ததும் மேலே போன புகை குழாய் வழியாகவே திரும்பி வந்து சமையல்கட்டை நிரப்பியது. அடுப்பின் வாயும் நேரே மேற்குக் கதவைப் பார்த்து இருந்ததால் தீ நாக்கு எதிர்ப்பக்கமாக, துணி தொங்குகிற கொடியை நோக்கிப் போனது. கடைசியில் குழாயைக் கூரைக்கு மேல் மூன்று அடி உயர்த்தி, மழை இறங்காமல் ஒரு தகரத் தொப்பி மாட்டி, மேற்குக் கதவுக்குள் இடுப்பளவு ஒரு மறைப்புச் சுவர் எழுப்பிய பிறகுதான் நிம்மதி. புதிதாகக் கட்டுகிறவர்கள் தயவு செய்து ஆடிக்காற்றை மனசில் வைத்துத் திசையைப் பாருங்கள். கீற்றுக் கூரை என்றால் குழாய் கீற்றைத் தொடவே கூடாது, சுற்றிலும் இடம் விட்டுத் தகரம் அடிக்க வேண்டும்.

குழாய் வைத்தால் மட்டும் போதாது. 1980களில் மத்திய அரசுத் திட்டத்தில் ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள், பலபேருக்கு ஞாபகம் இருக்கும். நல்ல அடுப்புதான், ஆனால் குழாயில் கரி அடையும், அதை எடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிப் பழக்காததால் அடைத்துக்கொண்டு, புகை திரும்பி, கடைசியில் இடித்துப் போட்டுவிட்டார்கள். ஈர விறகு எரித்தால் குழாய்க்குள் தார் மாதிரி ஒட்டும், ஒருநாள் அதுவே பற்றிக்கொண்டு குழாய்க்குள் குபுகுபுவென்று இரைச்சலோடு எரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, கயிற்றில் சாக்குச் சுருளைக் கட்டி மேலும் கீழும் இழுத்தால் அரை மணி நேர வேலை.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, இந்தக் குழாய் எதுவும் கிடையாது. தாழ்ந்த கூரைச் சாளையில், ஒரு ஜன்னல்கூட இல்லாத மூலையில் ஐம்பது வருஷம் சமைத்தவர். கடைசிக் காலத்தில் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "பாட்டி பீடி பிடிப்பாங்களா?" பீடியைக் கையால் தொடாத மனுஷி. வீட்டுக்குள் சூழ்கிற இந்தப் புகையால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமுவதுதான் ஞாபகம் வருகிறது.

எரிக்கக்கூடாததைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். திருப்பூர் பக்கம் தீ மூட்ட பனியன் வேஸ்ட்டைப் போடுவது வழக்கமாகிவிட்டது, சில ஊரில் சைக்கிள் டயர் துண்டு, பிய்ந்த செருப்பு, பால் கவர். சாயமும் எலாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை விறகுப்புகையைவிடப் பல மடங்கு கெட்டது, அது சோற்றுப்பானை மேலேயே படிகிறது. பெயின்ட் அடித்த பழைய கதவு நிலையும் பிளைவுட் துண்டும் அப்படித்தான். அரளிக் குச்சியை அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், அதன் புகையும் விஷம். தென்னை இருக்கிற நாட்டில் பாளையும் பன்னாடையும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? அவிந்துபோன மாதிரி இருக்கிற தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சூட்டில் அது ஆவியாகி நின்று, குப்பென்று பற்றும்போது நம் முகம் அதற்கு நேர் மேலே இருக்கும்.

சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து தாழ்வான இடத்தைத் தேடும், விறகடுப்பு இருப்பதோ தரையில். இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது, இடமில்லை என்றால் விறகடுப்பை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அப்புறம் மார்கழிக் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்தியை உங்கள் பேப்பரிலேயே படித்திருக்கிறேன். தணலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, புகையே இல்லையே என்று நம்பிவிடுவோம். குளியலறைக்குள் கரி போட்ட பாய்லரை வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான்.

அடுப்படியில் நிற்கும்போது பருத்திச் சேலை, முந்தானை இடுப்பில் சொருகியிருக்க வேண்டும். துணியில் பற்றினால் ஓடக்கூடாது, கீழே விழுந்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் பேனா மையும் பல் துலக்குகிற பேஸ்ட்டும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டிவிட்டு சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பெரிய காயம் என்றால் 108.

கடைசியாக, எங்கள் தவறு ஒன்று. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனிக் காலையில், நான்தான், அடுப்புச் சாம்பலை அள்ளிக் குப்பையில் கொட்டினேன். கையில் சூடே தெரியவில்லை. மத்தியானம் காற்று கிளம்பி மேல் சாம்பலை ஊதித் தள்ளியதும் உள்ளே இருந்த ஒரு துண்டுத் தணல் கண் விழித்துவிட்டது. குப்பைக்கு இருபது அடி தள்ளி எங்கள் சோளத்தட்டுப் போர். தீயணைப்பு வண்டி வருவதற்குள் போர் முழுக்கச் சாம்பலாகிவிட்டது. நாலு மாச மாட்டுத் தீவனம். பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் கயிற்றை என் வீட்டுக்காரர் அரிவாளால் வெட்டிவிட்டதால் அது பிழைத்தது, அவர் முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது மூடி போட்ட ஒரு பழைய இரும்பு டின் வைத்திருக்கிறேன். சாம்பல் அதற்குள் ஒரு நாள் முழுக்கக் கிடந்து, தண்ணீர் தெளித்துக் கிளறிப் பார்த்த பிறகுதான் தென்னைக்குப் போகும். ராத்திரி மிஞ்சிய கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீரில் அணைக்காமல் நான் விளக்கை நிறுத்துவதில்லை.

எங்கள் அடுப்பின் அளவுகளை ஒரு தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் போடுங்கள். குழாய் நாலு அங்குலம், கூரைக்கு மேல் மூன்று அடி, இந்த இரண்டையாவது விட்டுவிடாமல் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராபுரம் வட்டம்.