வீட்டைக் காட்டும்போது அலையையும் சொல்லுங்கள்

உ
சிவமயம்

செட்டிநாட்டுப் பாரம்பரிய வீடுகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் நிர்வாகிகளுக்கும், அவற்றைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

சென்ற மார்கழியில், சென்னைக் கடற்கரையோரம் குடியிருக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டைக் காட்ட அழைத்துப் போனேன். முகப்புப் படியேறித் திண்ணையில் நின்றதும், சுற்றிக்காட்டிய தம்பி தெருமட்டத்துக்கும் திண்ணைக்கும் உள்ள உயரத்தைக் கையால் அளந்து காட்டி, "நம்ம முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்துல சுனாமியில அடிபட்டு வந்தவங்க, அதனாலதான் வீட்டை இவ்வளவு தூக்கிக் கட்டியிருக்காங்க" என்றார். "அலை இதைவிட உயரமா வந்தா?" என்று பேரன் கேட்டான். தம்பி சிரித்துவிட்டு, பட்டாலை என்னும் உள்திண்ணைத் தூண்களின் பர்மாத் தேக்குக்குப் போய்விட்டார். முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்திய எனக்கு அந்தச் சிரிப்பு அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கதையை விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. "கடல் கொண்ட ஊர்க்காரவுக நாம" என்று என் அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்த நகரத்தார் வீட்டுப் பிள்ளைதான் நானும். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையிலேயே இருக்கிறது. ஆனால் சோழ மன்னன் செய்த கொடுமையால் ஊரைவிட்டு வந்தோம் என்று சொல்லும் மற்றொரு வழிவழிக் கதையும் நம்மிடம் உண்டு. பூம்புகார்க் கரையை ஒரே அலை கொண்டுபோனது என்று ஆய்வாளர்கள் நிறுவிவிடவும் இல்லை. பல காலமாக நடந்த கரை அரிப்புக்கும் அதில் பங்குண்டு என்பார்கள். திண்ணை விஷயமோ இன்னும் எளிது. காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொண்டிக் கடல் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. நம் வளவு வாசலுக்குள், அதாவது வீட்டு நடுமுற்றத்துக்குள், மழைநீர்தான் வரும், கடல் வராது. ஆகவே "இப்படி வழிவழியாகச் சொல்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டு, பையன் கேட்ட கேள்விக்கு உரிய பதிலைச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தப் பதிலை 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கலாம். இந்திய நேரப்படி காலை 6.29 அளவில், சுமத்ராவின் மேற்குக் கடலடியில், இந்திய நிலத்தட்டு பர்மா நிலத்தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டிருக்கும் இடத்தில், நெடுங்காலம் இறுகிக் கிடந்த பாறை விடுபட்டு, அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்துகொண்டு போனது. அந்த நில நடுக்கம், ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 9.1. கடல் தரை மீட்டர் கணக்கில் மேலெழும்பியதால் அதன்மேல் நின்ற மொத்தத் தண்ணீரும் எழும்பியது, அதுதான் சுனாமி. சாதாரண அலையைக் காற்று மேற்பரப்பில் எழுப்புகிறது, ஆனால் இதில் அடிமுதல் நுனிவரை கடலே நகர்கிறது. நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அங்கே அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இராது என்பதால், மேலே போகும் கப்பலில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் தணிந்து, பின்னால் வரும் நீர் முன்னால் போவதன்மேல் ஏறி உயர்கிறது. சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சே கரைக்கு அரைமணி நேரத்துக்குள் வந்த அலை நாகப்பட்டினத்துக்கு இரண்டரை மணி நேரம் கழித்தே வந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு தந்தி அளவு செய்திகூட நம் கரைக்கு வரவில்லை. பதினான்கு நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். இலங்கை மறைத்து நின்றதால் தொண்டிப் பக்கம் பெருஞ்சேதம் இல்லாமல் தப்பியது.

இது நமக்கு அயலார் கதையன்று. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போன நம் ஐயாக்கள் அந்தப் பிளவைக் கடந்துதான் போனார்கள். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நடுங்கியபோது எழுந்த சிறு சுனாமியை கடல்மட்ட ஏற்றவற்றத்தை அளக்கும் நாகப்பட்டினத்து ஓதமானி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்று பதிந்து வைத்திருக்கிறது. இரண்டே ஆண்டில், 1883 ஆகஸ்டில், கிரகடோவா எரிமலை வெடித்து, அதனால் எழுந்த அலைகள் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணைக் கரைகளைத் துடைத்தன. மாண்ட 36,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, நீர்தான். கணக்குப் பேரேட்டில் ஓரணாவையும் விடாத நாம் இவற்றை நினைவில் வைக்கவில்லை என்பது எனக்கு வியப்புத்தான்.

நினைவில் வைத்தவர்களும் இருக்கிறார்கள். சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் 1907இல் ஒரு பெரிய அலை பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, பலமாக நில நடுக்கம் வந்தால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்று தாலாட்டிலும் பாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 2004இல் அலை பத்து நிமிட அளவில் அங்கே வந்துவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அத்தீவில் மாண்டவர்கள் ஏழே பேர். அவர்களுடையதும் செவிவழிக் கதைதான், நம்முடையதும் செவிவழிக் கதைதான். அவர்கள் கதையில் என்ன செய்யவேண்டும் என்பது இருந்தது; நம் கதையில் திண்ணையின் உயரம் மட்டுமே இருக்கிறது.

பாடப்புத்தகப் பாணியில் "கடல் உள்வாங்கும், உடனே ஓடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2004இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கத்துக்கு முதலில் வந்ததோ ஏற்றம்தான், ஏனெனில் தரை எழும்பிய பக்கம் நமக்கு நேராக இருந்தது. நடுக்கமும் எப்போதும் தெரியும் என்பதில்லை. 2018 டிசம்பர் 22 இரவு, பழைய கிரகடோவா இருந்த இடத்தில் முளைத்த அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது, முன்னெச்சரிக்கையாக எந்த அதிர்வும் உணரப்படாமலேயே நானூறுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். முதல் அலையே பெரியதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வடிந்துவிட்டது என்று பாத்திரம் எடுக்கத் திரும்பியவர்களை அடுத்தது கொண்டுபோன ஊர்கள் பல. 2007 முதல் ஐதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது என்பதையும், அதன் எச்சரிக்கை வந்தால் அது விலக்கப்படும்வரை கரைக்குத் திரும்பக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உள்நாட்டில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வீடு பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் கடலோர நகரத்தவர்கள்; இங்கிருந்து இராமேசுவரம், வேளாங்கண்ணி, திருச்செந்தூர் என்று வேன் வைத்துப் போகிறவர்களும் நாம்தான். திண்ணையில் நிற்கும் மூன்று நிமிடம் போதும். முகப்பில் வைக்க ஒரு பலகைக்கான வாசகத்தைப் பத்து வரிக்குள் எழுதி வைத்திருக்கிறேன்; எழுத்துச் செலவும் பலகைக்குச் சட்டம் அடிக்கும் செலவும் என் பொறுப்பு. பொங்கலுக்குப் பேரன் மறுபடி வருகிறான். அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை