மருந்து தெளிப்பதோடு முடிந்துவிடுமா சுகாதாரத் துறையின் வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உள்ளூர்ச் சுகாதாரத் துறை சட்டம், கொள்கை என்று வாய் திறந்தாலே, "அதெல்லாம் மக்கள் பிரதிநிதிகள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கொசு மருந்து அடியுங்கள், தடுப்பூசி போடுங்கள்" என்று அடக்கிவிடுகிறார்கள். 28 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சைக் கேட்டு நானும் அடங்கிப் போனவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஒரே தெருவிலிருந்து ஆண்டு தவறாமல் வயிற்றுப்போக்கு நோயாளிகள் வருவார்கள். சாக்கடையில் மூழ்கிக் கிடந்த பழைய குடிநீர்க் குழாய்தான் காரணம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்க் குளோரின் மாத்திரை கொடுப்போம். காய்ச்சிக் குடிக்கச் சொல்வோம். தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு வரும், கோப்பில் சேரும். குழாயை மாற்றுவது பொறியியல் பிரிவின் வேலை, பணம் ஒதுக்குவது உள்ளாட்சி மன்றத்தின் வேலை, நமக்கேன் வம்பு என்றார்கள் மேலதிகாரிகள். ஆறு ஆண்டுகள் இப்படியே ஓடின.

ஏழாவது ஆண்டில் புதிதாக ஒரு சுகாதார அலுவலர் வந்தார். ஆறு ஆண்டுப் பதிவேடுகளையும் எடுத்து, நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்து, மன்றக் கூட்டத்தில் விரித்துக் காட்டினார். குழாய் போன தடத்திலேயே புள்ளிகள் வரிசை பிடித்து நின்றன. அவர் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை, எந்தக் கட்சியையும் இழுக்கவில்லை. அந்த ஆண்டே குழாய் மாறியது. அடுத்த ஆண்டு அந்தத் தெருவுக்கு மாத்திரை கொண்டுபோக வேண்டிய தேவை வரவில்லை. பதிவேட்டில் அந்த ஆறு ஆண்டுகளும் என் கையெழுத்தில்தான் இருந்தன. நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

வழியொன்றும் புதிதில்லை. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ இறந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு விசாரித்து, பிராட் தெருவில் இருந்த பொதுக் குடிநீர் பம்பைச் சந்தேகித்தார். அப்பகுதியின் நிர்வாகக் குழுவிடம் போய் எடுத்துச் சொன்னார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஸ்னோ அரசு அதிகாரியல்ல, தனி மருத்துவர். பட்டியல் அவரிடம் இருந்தது. கழற்றும் அதிகாரம் குழுவிடம் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலையைத்தான் சுகாதாரத் துறை செய்ய வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு 1988-இல் அளித்த அறிக்கையிலும் பொதுச் சுகாதாரத்துக்கு மூன்று கடமைகளைச் சொல்லியிருக்கிறார்கள்: மக்களின் உடல்நிலையைக் கணித்தல், கொள்கை வகுத்தல், சேவை கிடைப்பதை உறுதிசெய்தல். நடுவில் இருப்பதைத்தான் நாம் உருவி எடுத்துவிட்டோம்.

சிறிய ஊரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நீடம் என்ற ஊரைச் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சுமார் 30,000 பேர் வாழும் ஊர். சிகரெட் வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் விதியை அந்த ஊரின் சுகாதார வாரியம் 2005-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2006-இல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். 2010-இல் அது 7 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அக்கம்பக்கத்து ஊர்களிலும் குறைந்தது, ஆனால் சுமார் 15-இலிருந்து 12 வரைதான். நாடு முழுவதற்கும் 21 வயது என்ற சட்டம் 2019-இல்தான் வந்தது. வீட்டுக்குள் அடிக்கும், ஈயம் கலந்த நச்சுச் சாயத்தை நியூயார்க் நகரம் 1960-லேயே தடுத்தது, நாடு 1978-இல் தடுத்தது. கீழே இருப்பவர்களின் கண்ணுக்குத்தான் நோய் முதலில் படுகிறது.

எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் 2012-இல் பெரிய கோப்பைகளில் சர்க்கரைப் பானம் விற்பதற்குத் தடை கொண்டுவந்தபோது, வாரியம் தன் அதிகாரத்தைத் தாண்டிவிட்டது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2014-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டம் இயற்றுவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் உரிமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'இந்த மசோதாவுக்கு வாக்களியுங்கள்' என்று அரசுப் பணத்தில் ஆள் திரட்டுவது தவறு. இந்தச் சாலை இப்படி அமைந்தால் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து, இந்த ஆலைக் கழிவு எந்தக் கிணற்றில் இறங்கும் என்று கணக்கோடு சொல்வது கடமை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காட்டி, சொல்ல வேண்டியதையும் விழுங்கிவிடுகிறார்கள். பேசினால் இடமாற்றம் வரும் என்ற பயமும் உண்டு; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நகரத் திட்டம், போக்குவரத்து, குடிநீர் தொடர்பான தீர்மான வரைவுகள் மன்றத்துக்குப் போகும் முன்பே சுகாதார அலுவலரின் எழுத்துப்பூர்வமான கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கருத்து கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். மன்றம் அதை ஏற்காமல் போகலாம். ஏன் ஏற்கவில்லை என்று எழுதி வைத்தால் போதும். நோய்க் கணக்குகள் மக்கள் பார்க்கும்படி மாதந்தோறும் வெளியாக வேண்டும்.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். புதிய சாலை, குப்பைக் கிடங்கு, தொழிற்சாலை பற்றிச் செய்தி எழுதும்போது பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் கேட்கிறீர்கள். அந்தப் பகுதியின் சுகாதார அலுவலர் என்ன எழுதிக் கொடுத்தார் என்றும் கேளுங்கள். ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை என்று பதில் வந்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்