தீர்மானத்தைச் சுவரில் எழுதுங்கள்

ஐயா,

ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் இரட்டைமலை சீனிவாசனின் நினைவு நாளான செப்டம்பர் 18 அன்று எங்கள் தெருமுனையில் வைத்த தட்டியில், அவர் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர் என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. தட்டி வைத்தவர்களின் படங்கள்தாம் பெரிதாக இருந்தன. இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய அவர், 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எச்சாதியாரையும் தடுக்கக் கூடாது என்றது. அதன் வாசகத்தை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதிவைக்க அரசு ஆணையிட வேண்டும். எங்கள் ஊர்க் குளக்கரையில் அதைப் படித்துக் காட்ட வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுராந்தகம்