துப்பாக்கிக் காயம்: பஞ்சை நனைக்கும் முன் ஒரு படம் எடுங்கள்

பெறுநர்: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தாளவாடி, கடம்பூர், பர்கூர், ஆனைகட்டி, கொல்லிமலைப் பக்கமிருந்து ஒருவர் குண்டடிபட்டு வந்தால் முதலில் நினைக்க வேண்டியது நாட்டுத்துப்பாக்கியைத்தான். மக்காச்சோளக் காட்டில் இரவுக் காவல், காட்டுப்பன்றி, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். உரிமம் இல்லாத துப்பாக்கி என்பதால் கூட வருபவர் உண்மையைச் சொல்லத் தயங்குவார். முள்கம்பி கிழித்தது, பன்றி குத்தியது என்பார். ஆகவே காரணம் விளங்காத சிறு வட்டத் துளை எதுவாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல் தையல் போட வேண்டாம். ரவையாகப் போடும் பால்ரஸ் குண்டு (சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் சிறு உருண்டை) இரும்பு; அது உள்ளே இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால் காந்தம் அதை இழுத்து நகர்த்திவிடும்.

தாலுகா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதல் கால்மணி நேரத்தில் என்ன நடக்கிறதோ, வழக்கின் போக்கே அதில்தான் இருக்கிறது. உயிர் முதலில், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. நாங்கள் கேட்பது சிகிச்சையை ஒரு நிமிடமும் தாமதிக்காத சில பழக்கங்களை மட்டுமே.

காயத்தைச் சுற்றிப் படியும் புகைக்கரி ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்தாலே போய்விடும். எரியாத மருந்துத் துகள் தோலுக்குள் தைத்த புள்ளிகள் போகாது. கரி போய்ப் புள்ளி மட்டும் மிஞ்சினால், குழல்வாய் அருகில் இருந்தபோது பட்ட காயம் சற்றுத் தள்ளியிருந்து சுட்டதுபோலத் தெரியும். கால் இடறித் தானே வெடித்ததா, எதிரில் நின்றவர் சுட்டாரா என்ற கேள்விக்கு விடை அந்தக் கரியில் இருந்தது. இப்போது அது குப்பைக்கூடையில் இருக்கிறது.

எனவே துடைக்கும் முன் படம். மில்லிமீட்டர் அளவுகோலைக் காயத்தின் ஓரத்தில், தோலின் மட்டத்திலேயே வைத்து, கேமராவை நேர் செங்குத்தாகப் பிடித்து ஒன்று; உடலின் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. சாய்த்து எடுத்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும், பிறகு அதை எவராலும் அளக்க முடியாது. விபத்துப் பதிவேட்டில் காயத்தின் நீள அகலம், குதிகாலிலிருந்து உயரம், உடலின் நடுக்கோட்டிலிருந்து தூரம், ஓரம் உள்மடிந்ததா வெளிமடிந்ததா, துளையைச் சுற்றிக் குண்டு உரசிய சிராய்ப்பு வளையம், கரி, புள்ளிகள் உண்டா என்று எழுதினால் போதும். ‘குண்டு நுழைந்த காயம்’, ‘வெளியேறிய காயம்’ என்று அவசரப் பிரிவிலேயே முடிவு கட்டி எழுத வேண்டாம். எலும்பை ஒட்டிய தோலில் குழல்வாயை அழுத்திச் சுட்டால் நுழையும் காயமே நட்சத்திரமாகக் கிழியும். பார்ப்பவருக்கு வெளியேறிய காயம்போலத் தோன்றும். மண்டையோட்டில் நுழையும் துளை உட்பக்கம் அகலும், வெளியேறும் துளை வெளிப்பக்கம் அகலும். அதைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் சீட்டில் எழுதிய ஒரு தவறான சொல்லைக் குறுக்கு விசாரணையில் தூக்கிப் பிடிப்பார்கள்.

சட்டையை வெட்டும்போது துளையை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். முதல் கரி துணியில்தான் படிகிறது. துணியைப் பார்க்காமல் தோலை மட்டும் பார்த்துச் சுட்ட தூரம் சொல்வது அரைக் கணக்கு. ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்தி, மடிப்புகளுக்கு இடையே வெள்ளைத்தாள் வைத்து, காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து, கரியும் ரத்தமும் ஒன்றாகக் குழம்பிவிடும். கைகளுக்கும் காகித உறைதான். உயிருள்ளவர் கையில் படிந்த துகள்கள் சில மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும். தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சத்தியமங்கலத்தில் முதலுதவி முடித்து, கோவைக்கு வந்து சேரும்போது அந்த நேரம் முடிந்திருக்கும். கைத்துடைப்பு மாதிரியை முதல் மருத்துவமனையிலேயே எடுப்பது நல்லது. மாதிரியை அனுப்பும் கடிதத்தில் ‘நாட்டுத்துப்பாக்கி, கரிமருந்து’ (அதில் கெட்டிக்கும் கறுப்பு வெடிமருந்து) என்று எழுதுங்கள். தொழிற்சாலைத் தோட்டாவுக்கு ஆய்வகம் தேடுவது ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்த துகளை. கரிமருந்தில் அந்தச் சேர்க்கை இருக்க வேண்டியதில்லை. பொட்டாசியத்தையும் கந்தக உப்புகளையும் தேட வேண்டும். எழுதாவிட்டால் ‘துகள் இல்லை’ என்று அறிக்கை வரும், நீதிமன்றத்தில் அது ‘சுடவில்லை’ என்று படிக்கப்படும்.

அறுவை மருத்துவர்களிடம் இரண்டு வேண்டுகோள். குண்டுத் துளையையே வடிகுழாய் செருகும் வழியாக ஆக்க வேண்டாம், பக்கத்தில் வேறு துளை போடுங்கள். ஓரத்தை வெட்டிச் சீர் செய்தால் வெட்டிய தோலை எறியாமல், மேல் பக்கம் எதுவென்று குறித்துத் தனியே வையுங்கள். ரவையை, அதாவது உள்ளே தங்கிய சிறு குண்டுகளை, எடுக்க விரலோ ரப்பர் முனையிட்ட இடுக்கியோ போதும். பல்லுள்ள இடுக்கி ஈயத்தில் புதுக் கோடு போட்டுவிடும்.

நாட்டுத்துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. காவலர் ரிவால்வர் குண்டில் விழுவதுபோல், குழலின் உட்புறச் சுருள்வரிகள் பதிக்கும் வரிப்பள்ளம் ரவையில் விழாது. ரவையை வைத்து இன்ன துப்பாக்கி என்று சொல்வது அரிது. அதனால்தான் தக்கை இவ்வளவு முக்கியம். மருந்துக்கு மேல் கெட்டிக்கும் தேங்காய் நார், கந்தல், கிழித்த தாள் கிட்டத்தில் சுட்டால் காயத்துக்குள்ளேயே போய்விடும். 1784-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் கல்ஷாவைச் சுட்டுக் கொன்ற ஜான் டாம்ஸ் பிடிபட்டது இதனால்தான்: காயத்தில் கிடைத்த தாள் தக்கை, அவன் சட்டைப்பையில் இருந்த தாளின் கிழிசலோடு பொருந்தியது. நம் அறுவை அரங்கில் அந்த நாரும் தாளும் ‘அழுக்கு’ என்று வாளிக்குப் போகின்றன. ஒரு சிறு டப்பாவில் அதையும் போட்டு மூடுங்கள்.

தூரக் கணக்கைப் பற்றிக் காவல் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியது நிறைய. ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை ஒரே துளை, அதற்கு மேல் எலி கடித்ததுபோல் ஓரம் பிசிறிய துளை, இரண்டு மீட்டருக்கு மேல் நடுத்துளையைச் சுற்றித் தனித்தனி ரவைகள் என்ற நூற்கணக்கு தொழிற்சாலைத் தோட்டாவுக்கு உரியது. இங்கே மருந்தைக் கையளவில் போடுகிறார்கள். ரவையில் ஈயத் துண்டும் பால்ரஸும் கலந்திருக்கும், குழாயின் விட்டமும் ஒரே சீராக இராது. ஒரே துப்பாக்கி இரண்டு முறை இரண்டு விதமாகச் சிதறும். கரிமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுவதால் கரி படியும் தூரமும் மாறும். எக்ஸ்ரேயில் ரவை பரவியிருப்பதைக் கொண்டு ஒருபோதும் தூரம் சொல்லக் கூடாது. மிக அருகில் சுட்டாலும் ரவைகள் உடலுக்குள் நுழைகையில் ஒன்றையொன்று முட்டி கேரம் காய்போலச் சிதறும். படத்தில் தொலைவிலிருந்து சுட்டதுபோலத் தெரியும். அளக்க வேண்டியது தோலில். எக்ஸ்ரே எண்ணிக்கைக்கும் இடத்துக்கும்தான். அதையும் முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டும்.

தூரம் சொல்ல ஒரே வழி அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே ரவை, அதே தக்கையால் சோதனைச் சுடுதல். ஆகவே துப்பாக்கியை மட்டும் கைப்பற்றினால் போதாது. மருந்துப் பொட்டலம், ரவை டப்பா, நார், கெட்டிக்கும் கம்பி எல்லாம் வேண்டும். வெவ்வேறு தூரத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொரு தூரத்திலும் சில முறையாவது சுட வேண்டும். குழல் வெடிக்கலாம் என்பதால் தள்ளி நின்று கயிற்றால் இழுத்துத்தான். அந்தத் துணியை எதோடு ஒப்பிடுவது? அவசரப் பிரிவில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடுதான். அது இல்லையென்றால் இத்தனை சோதனையும் வீண்.

7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கான விதிமுறையை எழுதும்போது, அடிபட்டவர் கிடக்கும் மருத்துவமனையையும் சம்பவ இடமாகச் சேர்க்கும்படி மேலிடத்துக்குப் பரிந்துரையுங்கள்.

இணை இயக்குநர்களிடம் கேட்பது ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் ஒரு பெட்டி: அளவுகோல், காகித உறைகள், மூடியுள்ள சிறு டப்பாக்கள், ரப்பர் முனை இடுக்கி, மனித உடல் வரைபடம் அச்சிட்ட தாள்கள், அரக்கு. டப்பாவின் மேல் நோயாளியின் பெயர், பதிவேட்டு எண், எடுத்த இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையொப்பம் இருக்க வேண்டும். எஸ்.ஐ. வாங்கும்போது அவரும் நேரம் போட்டுக் கையொப்பமிட வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கும் அந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டங்களில் பணிபுரியும் தடயவியல் மருத்துவர்களும் துப்பாக்கி ஆய்வாளர்களும்