சுமதிக்கு, விடுதிச் சீட்டைப் பற்றி

அன்புள்ள சுமதி,

கடிதம் கிடைத்தது. மாமாவுக்கு முட்டிவலி குறைந்ததா? பாப்பாத்தி அக்கா இன்னும் மாடிப்படியிலேயே பஞ்சாயத்து வைக்கிறாளா? நோம்பிக்கு வரும்போது எல்லாம் பேசலாம்.

விடுதிப் புள்ளைகளுக்கு மார்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளச் சொல்லி நீ எழுதிய துண்டுச்சீட்டைப் படித்ததும் பொறுக்கவில்லை. ‘மாதாமாதம் மார்பைச் சோதித்தால் உயிர் பிழைக்கலாம்’ என்ற வரியை எடுத்துவிடு, கண்ணு. ஷாங்காயில், உன் திருப்பூர்ப் புள்ளைகளைப் போலத் துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,000 பெண்களை வைத்தே இதைப் பார்த்துவிட்டார்கள். 2002இல் வந்த முடிவுப்படி, சுயமாகச் சோதிக்கக் கற்றுக்கொண்டவர்களிலும் கற்காதவர்களிலும் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய ஒன்றுதான். நோயில்லாத கட்டிக்கெல்லாம் சதை எடுத்துப் பார்த்ததுதான் கூடிப்போனது.

அதற்காகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடாதே. தன் மார்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்குத்தான் மாறினால் தெரியும். நோயைத் தேடச் சொல்லாதே, உடம்பை அறியச் சொல். மாதவிலக்கு தொடங்கி ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பார்ப்பது நல்லது. மாதவிலக்குக்கு முந்தின வாரம் மார்பு கனத்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும், வீணாகப் பயந்துபோவார்கள். முதலில் கண்ணாடி முன் கையைத் தூக்கியும் இடுப்பில் ஊன்றியும் பார்க்கட்டும்: தோலில் குழி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, சிவப்பு, ரத்தக் கசிவு உண்டா என்று. பிறகு படுத்து, பார்க்கும் பக்கத்துத் தோளுக்கடியில் தலையணை வைத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், மறுகையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் தடவ வேண்டும். சின்னச் சின்ன வட்டமாக, ஒவ்வொரு இடத்திலும் மெதுவாக, கொஞ்சம் அழுத்தி, விலா எலும்பு தட்டும்வரை அழுத்தி என மூன்று தடவை. கழுத்துப்பட்டை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை, அக்குளையும் சேர்த்து. கிள்ளிப் பிடிக்கவே கூடாது. கிள்ளினால் எந்த மார்பிலும் கட்டி இருப்பதாகத்தான் படும். மார்பின் அடிவிளிம்பில் கெட்டியாக ஒரு மேடு இருக்கும், அது எல்லாருக்கும் உண்டு.

உன் விடுதிப் புள்ளைகளின் வயதில் புற்றுநோய் அபூர்வம். ரப்பர் போல உருண்டு நழுவுகிற கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றில்லாத கட்டிதான். ஆனாலும் அதை விரல் முடிவு செய்யக் கூடாது. ஸ்கேன் பார்க்க வேண்டும். முப்பதுக்குள் மார்புச் சதை அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயை விட அல்ட்ராசவுண்டுதான் தெளிவாகக் காட்டும்.

கறுப்பு பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்ற பேச்சை ஒரே வார்த்தையில் தள்ளிவிடு. ‘எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க’ என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்னால் யாருக்கும் இருந்ததில்லை. எனக்குப் பெரிய வெசனம் ‘வலிக்கல, அதனால ஒண்ணுமில்ல’ என்பதுதான். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அதையும் மீறி, ‘வெளியே தெரிஞ்சா வரன் தட்டிப்போகும்’ என்று கட்டியோடு மாசக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பவர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது, சுமதி. அடுத்த மாதவிலக்கு முடிந்தும் கட்டி கரையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. காம்பில் ரத்தம் வந்தாலோ தோல் குழிந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்காதே. பெண் டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுவை. விடுப்பு நோட்டில் காரணம் எழுதச் சொல்லாதே, ‘ஆஸ்பத்திரி’ என்று மட்டும் போதும்.

சீட்டைத் திருத்தி அனுப்பு, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
கலா